ஆஃப் பண்ணாத லெப்டொப்

நான் கோவக்காரி. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிற எங்க மாடிக் கட்டடத்துல யாரக் கேட்டாலும் இத சொல்லுவாங்க. கீழ போன் கடை வச்சிருக்கிற பவாஸ், "கொம்பியூட்டர் ரிப்பேரா? மேல ஷிராணி அக்கா இருக்கா. வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம்..." என்டு இழுத்துத்தான் ஆள மேல அனுப்புவான். பதிமூணு வருஷமா இந்தக் கடை என் கையில. ஒரு மெஷின் சொன்னத கேக்கலன்னா எனக்கு உள்ளங்கால்ல இருந்து ஏறும். மனுசரோட கோவப்பட்டா ரெண்டு நாள்ல மறந்துருவாங்க. நான் ஒரு மெஷினோட கோவப்பட்டு செஞ்ச காரியத்த எனக்கே மறக்க முடியல. அதான் சொல்றேன்.

போன ஒக்டோபர் மாசம் ஒரு வியாழக்கிழம, நிஷாந்தினின்னு ஒரு பிள்ள வந்தா. கலஹாவுக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம். பத்தொன்பது வயசு இருக்கும். கலஹா பஸ்ல சீட் கிடைக்காம, லெப்டொப் பேக்க நெஞ்சோட கட்டிப் பிடிச்சு நின்னுக்கிட்டே பேராதனை வரைக்கும் வந்து, அங்கயிருந்து இன்னொரு பஸ்ல ஏறி வந்திருக்கா. மாடிப்படி ஏறி வந்தும் பேக்க மேசையில வைக்கல.

"அக்கா, இதுல விண்டோஸ் இருக்கு. அத எடுக்காம பக்கத்துலயே லினக்ஸும் போடணும். திங்கக்கிழம கிளாஸ் தொடங்குது. நானே இடம் பிரிக்கப் பாத்தேன். தொண்ணூறு ஜிபி சும்மா கிடக்கு, ஆனா இடம் இல்லைங்குது."

"எல்லாரும் வீட்டுல நோண்டிட்டுத்தான் இங்க கொண்டாறீங்க," என்டேன். "குடு இங்க."

மூடிய திறந்தேன். பாஸ்வேர்ட் ஒண்டும் கேக்கல. நேரா ஒரு பக்கம் வந்து நின்னுச்சு. சிங்களத்துல அடிச்ச ஒரு கடிதம், பாதிப் பக்கத்துக்கும் கொஞ்சம் கூட. நான் பட்டன்ல விரல வைக்கப் போனதும் அவ என் கையப் பிடிச்சுட்டா.

"ஆஃப் பண்ணிறாதீங்க அக்கா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கடைக்கு வர்ற யாரும் என் கையத் தொட்டதில்ல.

அப்புறம்தான் கதிரையில உக்காந்து சொன்னா. லெப்டொப் அவ அண்ணனோடது. அஜந்தன். போன வருஷம் நவம்பர் மழையில அவங்க லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு மேல மண் சரிஞ்சப்ப போனவன். இந்தா, பதினொரு மாசம் ஆகுது. மத்த ஆள்களத் தோண்டி எடுத்தாச்சு. அவன் மட்டும் கிடைக்கல.

"அன்னைக்கு அண்ணன் தோட்ட ஒபிசுக்கு ஒரு கடிதம் அடிச்சுட்டு இருந்திச்சு அக்கா. பாதில எழும்பிப் போகும்போது, 'அம்மா, ஆஃப் பண்ணிறாதீங்க, வந்து முடிக்கிறேன்'னு சொல்லிட்டுப் போச்சு. அம்மா அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கு. வெள்ளிக்கிழமைல விளக்கு வச்சதும் மூடியத் திறந்து பாக்கும். பாத்துட்டு மூடி வச்சிரும். மூடுனா அப்படியே தூங்குற மாதிரி, பட்டரி செத்தாலும் விட்ட இடத்துலயே வர்ற மாதிரி அண்ணன்தான் செட் பண்ணி வச்சிருக்கு."

"சரி, சேவ் பண்ணிட்டு மூடுனா என்ன?"

"அதுவும் விடாது. அண்ணன் வந்துதான் தொடணுமாம். இத என் கையில குடுக்கவே ஒரு கிழமை அழுதுச்சு. உன் படிப்புக்காகக் குடுக்கிறேன், ஆனா அவன் வச்சது வச்சபடி வீட்டுக்கு வரணும்னு சொல்லித்தான் குடுத்திச்சு."

சார்ஜர் எங்கன்டு பேக்கோட பக்கத்துப் பையில கைய விட்டேன். பொலித்தீன் உறைக்குள்ள நாலா மடிச்ச ஒரு ஃபோர்ம் வந்துச்சு. விரிச்சுப் பாத்தேன். ஆள் காணாமப் போனவங்களுக்கு மரணப் பதிவு எடுக்கிற ஃபோர்ம். எல்லாம் நிரப்பி இருந்துச்சு. கடைசிக் கோட்டுல மட்டும் ஒண்டும் இல்ல.

"கிராம சேவகர், எங்க ஜீ.எஸ். குடுத்தாரு," என்டா பிள்ள. "அம்மா கையெழுத்து வைக்கணும். பேனாவயே தொடமாட்டேங்குது. கிழிக்கவும் விடாது. அண்ணன் பேக்லயே கிடக்கட்டும்னுது."

நான் மடிச்சு இருந்தபடியே உள்ள வச்சேன். "பயப்படாம போ," என்டேன். "வச்சது வச்சபடி இருக்கும். சனிக்கிழம வந்து எடு." இந்த வாயால சொன்னேன்.

அவ போக முந்தி, எப்பவும் செய்ற மாதிரி என் போன்ல ரெண்டு படம் எடுத்துக்கிட்டேன். லெப்டொப்போட முதுகு ஒண்டு, திறந்த ஸ்கிரீன் ஒண்டு. கீறல் உன்னாலதான் விழுந்துச்சுன்னு பின்னால சண்டைக்கு வர்ற ஆள்கள் இருக்காங்க, அவங்களுக்காகப் பழகின பழக்கம்.

வெள்ளிக்கிழம பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையில உக்காந்தேன். தெரியாத ஆள்களுக்கு இத எப்பிடிச் சொல்றது? ஒரு லயத்துக் காம்பிராவ, ஒரே அறை வீட்ட நினைச்சுக்கங்க. உள்ள ஒரு பக்கம் சும்மா கிடக்கு. அங்க இன்னொரு குடும்பத்தக் குடி வைக்கணும்னா நடுவுல சுவர் எழுப்பணும். ஆனா சுவர் வர வேண்டிய இடத்துல ஒரு அலுமாரி நிக்குது, அசைக்க முடியாது. அப்ப எவ்வளவு இடம் சும்மா கிடந்தும் என்ன பிரயோசனம்? சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் விரிக்கத்தான் இடம் மிஞ்சும். தொண்ணூத்தி ஆறு ஜிபி வெறுமையா இருந்தும், விண்டோஸ் எனக்குப் பிரிச்சுத் தர ஒத்துக்கிட்டது நானூத்தி சொச்சம் எம்பி. லினக்ஸுக்கு இருபத்தஞ்சு ஜிபியாவது வேணும்.

அந்தக் கடிதத்தத் தொடாமலே, பின்னால வேண்டாததையெல்லாம் துடைச்சேன். பழைய அப்டேட் குப்பை, ரிஸ்டோர் பொயிண்ட், எல்லாம். திரும்பக் கேட்டேன். ரெண்டு ஜிபி தர்றேன்டுச்சு. பிச்சைக்காரிக்குப் போடுற மாதிரி.

நடுவுல நிக்கிற அலுமாரி எதுன்னு எனக்குத் தெரியும். மெஷின் தூங்கப் போகும்போது திறந்திருக்கிறதையெல்லாம் எழுதி வச்சுக்கிற ஒரு பெரிய ஃபைல். அஜந்தனோட கடிதம் பதினொரு மாசமா உசுரோட இருந்தது அதுக்குள்ளதான். அதுல கை வைக்காம வேலைய முடிக்க வழி இருந்துச்சு. என் மேசை லாச்சில வெளிய மாட்டுற டிஸ்க் ஒண்டு சும்மா கிடந்துச்சு. லினக்ஸ அதுல போட்டுக் குடுத்திருந்தா எல்லாம் சரி. ஆனா எனக்கு ரோசம். உள்ள இவ்வளவு இடம் இருக்கும்போது வெளிய ஒண்ட வாலு மாதிரி தொங்கவிட்டுக் குடுத்தா, ஷிராணி வேலையான்டு நாலு பேர் சிரிப்பாங்கல்ல? அந்தப் பாழாப்போன ரோசம்.

மெஷினத் தூங்க வச்சுட்டு, பெண்டிரைவ மாட்டி லினக்ஸ் பக்கமா எழுப்புனேன். அங்கயிருந்து சுவர நகர்த்திப் பாப்போம்னு ஒரு எண்ணம். இடம் இல்லைன்டுச்சு. மறுபடியும் முதல்ல இருந்து போனேன். இடம் இல்லை. மூணாந்தரம் வேற வழியால போனேன். விண்டோஸ் தூங்குது, அது எழும்பும் வரைக்கும் இந்தப் பகுதியத் தொடமாட்டேன்டு ஒரு செய்தி வந்துச்சு.

இந்தச் செய்திய நான் கிழமைக்கு இருவது மெஷின்ல பாக்கிறவ. இப்ப உள்ள விண்டோஸ் ஆஃப் பண்ணுனாலும் முழுசா ஆஃப் ஆகாது, அரைத்தூக்கத்துலதான் கிடக்கும். அதுக்கு ஒரு வரி கட்டளை இருக்கு. அடிச்சா தூக்கத்தோட ஃபைல் அழியும், மெஷின் வழிக்கு வரும். மத்த மெஷின்கள்ல அதுக்குள்ள ஒரு மண்ணும் இருக்காது. என் விரலுக்கு அது அப்பிடிப் பழகிப் போச்சு.

கீழ த்ரீவீல்காரங்க ரெண்டு பேர் ஹோனடிச்சு சண்டை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிப் போச்சு. "யார்கிட்ட விளையாடுற நீ?" என்டு ஸ்கிரீனப் பாத்து சத்தமாக் கேட்டேன். கேட்டுக்கிட்டே அந்தக் கட்டளைய அடிச்சேன். என்டர் தட்டுனேன்.

உடனே வழிக்கு வந்துச்சு. நாப்பது ஜிபி கேட்டேன், நாப்பதும் தந்துச்சு. லினக்ஸ் இருவது நிமிஷத்துல ஏறிருச்சு. எனக்குச் சந்தோசம்னா அப்பிடி ஒரு சந்தோசம். கீழ எட்டி, "பவாஸ், ரெண்டு பிளேன்டீ சொல்லு, நான் தர்றேன்" என்டு கத்துனேன். டீயக் கையில வச்சுக்கிட்டு, சரி விண்டோஸும் ஒழுங்கா எழும்புதான்டு பாப்போம்னு அந்தப் பக்கம் போனேன். வட்டம் சுத்துச்சு. வரவேற்பு வந்துச்சு. பிறகு நீல நிறத்துல வெறும் ஸ்கிரீன். துடைச்சு வச்ச மாதிரி.

கடிதம் இல்ல.

ஐயோ மாதாவே, என்ன செஞ்சேன் நான்! டீக்கோப்பைய எங்க வச்சேன்னே தெரியல. தேடாத இடம் இல்ல. அவன் ஒரு தரம்கூட சேவ் பண்ணாத கடிதம். அவன் பாவிச்சது சும்மா எழுத்தடிக்கிற சின்னப் புரோகிராம், தானா ஒரு பிரதியும் எடுத்து வைக்காது. அழிஞ்ச ஃபைல தோண்டி எடுக்கிற சாமான் எல்லாம் ஓட்டிப் பாத்தேன். அந்த இடத்து மேலதான் நானே லினக்ஸ ஏத்தி வச்சிருக்கேனே, என்ன கிடைக்கும்?

டீக்கோப்பை எடுக்க மேல வந்த பவாஸ் என் முகத்தப் பாத்துட்டு நின்டான். அவன்கிட்ட எல்லாத்தையும் கொட்டுனேன். "நாளைக்கு அந்தப் பிள்ளட்ட உள்ளத சொல்லிருங்க அக்கா," என்டான். "உன் வேலையப் பாத்துக்கிட்டு போடா," என்டேன். அவன் போனதும்தான் போன்ல இருந்த படம் ஞாபகம் வந்துச்சு.

படத்துல கடிதம் முழுக்க இருந்துச்சு. அந்தம்மாவுக்கு சிங்களம் வாசிக்கத் தெரியாதுன்டு பிள்ள பேச்சுவாக்குல சொல்லியிருந்தா. எனக்கு சிங்களம் வாய்க்கு வரும், எழுத்துத்தான் கஷ்டம். போன நிறுத்தி வச்சு, எழுத்து எழுத்தாப் பாத்து, அதே புரோகிராம்ல, அதே அளவுல அடிச்சேன். என்ன எழுதியிருக்குன்டு பொருள் பாக்கல. ஒரு சுழி பிழைச்சாலும் திரும்ப அடிச்சேன். ரெண்டாம் வரி நடுவுல ஒரு இடத்துல இடைவெளி கொஞ்சம் அகலமா இருந்துச்சு. பையன் அவசரத்துல ரெண்டு மூணு தரம் தட்டியிருப்பான்டு நானே சரிப்பண்ணி ஒட்டிவிட்டேன். அடிச்சு முடிச்சு, படத்தையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பாத்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. சேவ் பண்ணாம, மூடியச் சாத்தித் தூங்க வச்சேன். இத செய்யும்போது வெக்கமா இருந்துச்சு. செஞ்சு முடிச்சதும் ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அந்த நிம்மதிக்குத்தான் இப்ப இன்னும் வெக்கப்படுறேன்.

சனிக்கிழம பத்து மணிக்கு பிள்ளையோட அம்மாவும் வந்துட்டாங்க. ரத்தினம்மா. சின்ன உருவம். விரலெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை. லெப்டொப்ப பிள்ள தனியா பஸ்ல கொண்டாறதப் பத்தி நம்பிக்கை இல்லாமத்தான் கூடவே வந்திருக்காங்க. உக்காரச் சொன்னேன், உக்காரல.

"அவன் வச்சது இருக்கா தங்கச்சி?"

"இருக்கும்மா. பாருங்க," என்டு மூடியத் திறந்தேன்.

கடிதம் வந்துச்சு. சீலைத் தலைப்புல கையத் துடைச்சுக்கிட்டு குனிஞ்சாங்க. முகம் மலர்ந்துச்சு. ஸ்கிரீன்ல படாம, விரல ஒரு அங்குலம் தள்ளி வச்சு, மேல இருந்து வரி வரியாத் தடவிக்கிட்டே வந்தாங்க. வாசிக்கத் தெரியாத எழுத்த, ஒவ்வொண்ணா விசாரிக்கிற மாதிரி. ரெண்டாவது வரியில விரல் நின்டுச்சு.

"கோடு எங்க?"

"என்ன கோடும்மா?"

"மினுங்கிக்கிட்டு நிக்குமே, அந்தக் கோடு. இந்தா இங்க நிக்கும். இப்ப அடியில போய் நிக்குது."

நான் எடுத்த படத்துல அந்தக் கோடு விழல. அது மினுங்கி மறைஞ்ச நேரத்துல எடுத்திருக்கேன். அடிச்சு முடிச்ச இடத்துல, கடைசி வரியிலேயே அத விட்டுட்டேன்.

"கை பட்டு நகர்ந்திருக்கும்மா," என்டேன். பொய் தானா வந்துச்சு.

"கோடு நகரட்டும். இங்க அவன் ஒரு இடம் விட்டிருந்தான். அது எங்க போச்சு தங்கச்சி?"

நிஷாந்தினி குனிஞ்சு அந்த வரிய வாசிச்சா. வாசிச்சுட்டு நிமிர்ந்து என்னப் பாத்தா. அவ முகம் மாறிப் போச்சு. "இல்லம்மா," என்டா. "இடம் இல்ல. ஒட்டிக் கிடக்கு."

அந்தம்மா என்னப் பாக்கல. ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. "அன்னைக்கு ஒரு பத்து மணி போல மழை கொஞ்சம் விட்டுச்சு. அதுவரைக்கும் உக்காந்து இதத்தான் அடிச்சுட்டு இருந்தான். லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சிருக்குன்னு ஒபிசுக்கு எழுதுறானாம். 'எல்லாம் எழுதிட்டேன் அம்மா, வெடிப்பு எத்தன அடின்னு மட்டும் போடணும். சும்மா பெருசுன்னு எழுதுனா நம்பமாட்டாங்க, அளந்து எழுதணும். அளந்துட்டு வந்து இந்த இடத்துல போடுறேன். ஆஃப் பண்ணிறாதீங்க'ன்னான். இவ தையல் மெஷின் லாச்சில இருந்த அளவு நாடாவ எடுத்துக்கிட்டு மேல ஏறிப் போனான்."

அவ்வளவுதான் சொன்னாங்க. மேல என்ன நடந்துச்சுன்டு சொல்லத் தேவையில்ல.

என் வாய் எப்பவும் எனக்கு முந்தி ஓடும். அன்னைக்கு அத நான்தான் இழுக்க வேண்டியதாப் போச்சு. "அம்மா, இது அவர் வச்சது இல்ல. அவர் வச்சத நான் அழிச்சுட்டேன். நேத்து, கோவத்துல, யோசிக்காம அழிச்சேன். இத நான் போட்டோவப் பாத்து அடிச்சு உங்கள ஏமாத்தப் பாத்தேன்."

"சொன்னேனே அக்கா!" பிள்ள கத்துனா. "கையப் பிடிச்சு சொன்னேனே உங்ககிட்ட! எத்தன தரம் சொன்னேன்!" கீழ பவாஸ் கடையில சத்தம் அடங்கிப் போச்சு. என்ன அறைஞ்சிருந்தாலும் நின்டிருப்பேன்.

அந்தம்மா மகளோட தோள்ல கைய வச்சாங்க. பிறகு என்கிட்ட, "அப்ப ஆஃப் ஆயிருச்சு," என்டாங்க.

"ஆமாம்மா."

"எத்தன மணிக்கு?"

என்ன கேள்வி இதுன்டு விளங்காமலே, "மூணு, மூணேகால் இருக்கும்," என்டேன்.

"மூணு மணிக்கு நான் கொழுந்து நிறுக்கிற இடத்துல நின்னுட்டு இருந்தேன்," என்டாங்க. "பக்கத்துல ஒருத்தி என்னமோ சொன்னா, நான் சிரிச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே தங்கச்சி. ஒரு சின்னப் பதட்டம்கூட வரலையே."

நான் அழுதேன். கடையில, பட்டப்பகல்ல, ஆள்கள் முன்னால. என் அப்பா செத்தப்ப கூட நான் அப்பிடி அழல.

அந்தம்மா அழல. கதிரைய இழுத்து உக்காந்தாங்க. "அந்த இடத்த மட்டும் திரும்ப விட்டுக் குடு," என்டாங்க. ரெண்டாவது வரிக்குக் கோட்டக் கொண்டு போய், ரெண்டு தரம் தட்டுனேன். "இன்னும் கொஞ்சம்," என்டாங்க. இன்னொரு தரம் தட்டுனேன். "ஆ. இவ்வளவுதான்." கோடு அந்த இடத்துல நின்டு மினுங்குச்சு. நான் இப்பத்தான் அந்த வரிய வாசிச்சேன். வெடிப்பின் நீளம், பிறகு அந்த இடம், பிறகு அடி. அடுத்த வரியில, இருபத்தி மூன்று குடும்பங்கள் இருக்கிறோம், தயவுசெய்து விரைவில் வந்து பார்க்கவும்.

எவ்வளவு நேரம் அந்தம்மா பாத்துக்கிட்டு இருந்தாங்கன்டு தெரியல. பிளேன்டீ வாங்கிட்டு வந்த பவாஸ் வாசல்லயே நின்டுட்டுத் திரும்பிப் போயிட்டான்.

"சரி," என்டாங்க. "இப்ப ஆஃப் பண்ணு."

"வேணாம்மா. ஒரு டிஸ்க் தர்றேன், பிள்ள அதுல படிக்கட்டும். இத இப்பிடியே வீட்டுக்குக் கொண்டு போங்க, இப்பிடியே வச்சிருங்க..."

"நீ அடிச்சத நான் என்னத்துக்கு வச்சிருக்கிறது?" அதுல கோவம் இல்ல. இருந்திருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். "அவன் வந்து முடிக்கிறேன்னு சொன்னது இதுக்குள்ள இருந்துச்சு. பிள்ளைக்குத் திங்கக்கிழம கிளாஸ். ஆஃப் பண்ணு தங்கச்சி."

ஆஃப் பண்ணுனேன். சேவ் பண்ணவான்டு அது கேட்டுச்சு. அந்தம்மா தலைய ஆட்டுனாங்க, வேணாம்னு. ஸ்கிரீன் கறுத்து, அந்தம்மாவோட முகம் அதுல மங்கலாத் தெரிஞ்சுச்சு.

பேக்க மடியில எடுத்து வச்சு, பக்கத்துப் பையில கைய விட்டு, அந்தப் பொலித்தீன் உறைய வெளிய எடுத்தாங்க. நிஷாந்தினி, "அம்மா, இன்னைக்கு வேணாம்மா," என்டு கையப் பிடிச்சா. அந்தம்மா மெதுவா அவ விரல விலக்கிட்டு, நாலு மடிப்பையும் விரிச்சு, என் மேசையில ஸ்குரூடிரைவருங்கள ஒதுக்கி, ஃபோர்ம வச்சு நீவி விட்டாங்க. மடிச்ச இடமெல்லாம் கிழியப் பாத்துச்சு.

"பேனா இருக்கா?"

குடுத்தேன்.

"எந்த இடத்துல வைக்கணும்?"

பிள்ள முகத்த மூடிக்கிட்டு அழுதா. வேற யாரும் அங்க இல்ல. நான்தான் குனிஞ்சு, கடைசியில இருக்கிற புள்ளிக்கோட்ட விரலால காட்டி, "இந்தா, இங்க வைங்கம்மா," என்டேன். அதையும் நான்தான் சொன்னேன்.